வீட்டைப் பார்வையிட வரும் குரு

"சாமி, வர்ற மாசம் ஊர்ல பழைய வீட்டை இடிச்சுட்டு கடக்கால் போடுறோம். நீங்க வந்து மந்திரிச்சு முதல் கல்லை வைக்கணும்."

நெய்வேலியில் பணியாற்றும் குருக்களுக்கு இது பழகிப்போன அழைப்பு. நம் நகரியத்தில் யாருக்கும் சொந்த வீடு கிடையாது. வட்டம் எண்ணும் வீட்டு எண்ணும் சொல்லி முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்த வீட்டை, பணி ஓய்வு பெற்றதும் காலி செய்து சாவியை ஒப்படைத்துவிட வேண்டும். பிள்ளைகள் தவழ்ந்த கூடம், மனைவி வைத்து வளர்த்த முருங்கை மரம், வாசலில் கட்டிய கிறிஸ்துமஸ் குடில் எல்லாம் அடுத்து வருபவருக்கு. கையில் பணிக்கொடையும் வைப்பு நிதியும் இருக்கும். ஊரில் அப்பா கட்டிய வீடோ, தாத்தா கட்டிய வீடோ பூட்டிக் கிடக்கும். முதல் வேலையாக அதை இடித்துவிட்டுப் புது வீடு கட்டுவது என்பது ஏறக்குறைய எழுதாத சட்டமாகிவிட்டது.

சென்ற ஆண்டு இப்படி அழைக்க வந்த நம் பங்கு அன்பர் ஒருவரிடம், "பழைய வீட்டுக்கு என்ன குறை?" என்று கேட்டோம். சற்றுத் திகைத்தார். "சுவரெல்லாம் பூத்துப்போச்சு சாமி. பச்சையும் சிவப்புமா திட்டுத் திட்டா இருக்கு" என்றார். அவர் சொன்ன அந்த வார்த்தைகள் விவிலியத்தில் நாங்கள் எங்கோ படித்தவையாகத் தோன்றின. அன்று இரவு தேடிப் பார்த்தோம். லேவியர் நூல், 14ஆம் அதிகாரம், 33 முதல் 53 வரையுள்ள வசனங்கள்.

அன்பார்ந்த இறைமக்களே, லேவியர் நூலை நாம் அதிகம் வாசிப்பதில்லை. பலிகள், தீட்டுகள், தோல் நோய்கள் என்று அது நீண்டுகொண்டே போகும். குருமடத்தில் படித்தபோது நாங்களும் தேர்வுக்காகவே அதைப் படித்தோம். ஆனால் இந்தப் பகுதி வேறு மாதிரியானது. இங்கே நோய் மனிதருக்கு வருவதில்லை, கல்லால் கட்டிய வீட்டுக்கு வருகிறது.

வீட்டுச் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ குழிவிழுந்த கறைகள் தோன்றினால், வீட்டுக்காரர் குருவிடம் போய்ச் சொல்ல வேண்டும். குரு உடனே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. முதலில், தாம் பார்க்க வருமுன்னே வீட்டிலுள்ள பொருள்களையெல்லாம் வெளியே எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும். ஏனென்றால், வீடு தீட்டுள்ளது என்று அவர் அறிவித்துவிட்டால் உள்ளே இருக்கும் பாயும் பானையும்கூட தீட்டாகிவிடும். ஏழையின் தட்டுமுட்டுச் சாமான்கள் வீணாகக் கூடாது என்ற கரிசனை சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பிறகு குரு வந்து பார்க்கிறார், வீட்டைப் பூட்டுகிறார், ஏழு நாள் காத்திருக்கிறார். திரும்பி வந்து பார்க்கும்போது கறை பரவியிருந்தால், நோய் பிடித்த கற்களை மட்டும் பெயர்த்து ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போடச் சொல்கிறார். உட்புறச் சுவர் முழுவதும் சுரண்டப்படுகிறது. எடுத்த கற்களுக்குப் பதில் வேறு கற்கள் வைத்து, புதுச் சாந்து பூசுகிறார்கள். இவ்வளவு செய்தும் நோய் மீண்டும் வந்தால்தான் வீட்டை இடிக்க வேண்டும். வராவிட்டால் வீடு தூய்மையானது என்று குரு அறிவிக்கிறார்.

அதோடு முடியவில்லை. இரண்டு பறவைகள், கேதுருக் கட்டை, கருஞ்சிவப்பு நூல், ஈசோப்பு என்று ஒரு சடங்கு வருகிறது. இதே அதிகாரத்தின் தொடக்கத்தில், தொழுநோயிலிருந்து குணமான மனிதரைச் சமூகத்துக்குள் மீண்டும் சேர்ப்பதற்குச் சொல்லப்பட்ட அதே சடங்குதான் இது. நலம் பெற்ற மனிதருக்கு என்ன மரியாதையோ, நலம் பெற்ற வீட்டுக்கும் அதே மரியாதை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தச் சட்டம் தரப்பட்டபோது இஸ்ரயேல் மக்கள் பாலைநிலத்தில் கூடாரங்களில் இருந்தார்கள். அவர்களிடம் ஒரு கல் வீடுகூட இல்லை. கானான் நாட்டுக்குள் நுழைந்தபின் பயன்பட வேண்டிய சட்டத்தைக் கூடாரவாசிகளுக்குக் கடவுள் முன்னதாகவே சொல்லி வைக்கிறார். ஒப்படைத்துவிட்டுப் போகவேண்டிய வீடுகளில் குடியிருக்கும் நெய்வேலி மக்களுக்கு இதைவிடப் பொருத்தமான பகுதி கிடைக்குமா என்று தெரியவில்லை.

நம் பகுதியில் கருங்கல் வீடுகள் அரிது. கருங்கல்லுக்கு செஞ்சிப் பக்கம் போக வேண்டும். கடலூர், பண்ருட்டி, புதுச்சேரி வட்டாரத்துப் பழைய வீடுகள் எல்லாம் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். ஆனால் சுண்ணாம்பு வீடும் ஒரு வகையில் கல் வீடே. சுண்ணாம்புக்கல்லையோ கடற்கரைக் கிளிஞ்சலையோ சூளையில் சுட்டு, நீரில் தணித்து, மணலோடு அரைத்துப் பூசுகிறோம். பூசிய காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உள்ளிழுத்துத் திரும்பவும் சுண்ணாம்புக்கல்லாகவே இறுகுகிறது. இதற்கு மாதங்கள் ஆகும், கனமான சுவராக இருந்தால் ஆண்டுகளும் ஆகும். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்ப்பார்கள். கடைசிப் பூச்சில் முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்து, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். அந்தச் சுவரில் நூறு ஆண்டு கழித்தும் கை வைத்தால் பளிங்குபோல் குளிரும்.

அப்படியானால் பச்சையும் சிவப்பும் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் நாமே வரவழைத்தவை. பழைய சுவர்களுக்குக் கீழே ஈரத் தடுப்பு எதுவும் கிடையாது. தரையின் ஈரம் சுவரில் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், சுவர் காய்ந்துவிடும். இடையில் யாரோ ஒருவர் நல்ல எண்ணத்தோடு சுண்ணாம்பைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்ட் பூசியிருப்பார். அதன்மேல் எமல்ஷன் பெயின்ட்டும் அடித்திருப்பார். ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்ளேயே தங்கி மேலே மேலே ஏறும். அதில் கரைந்திருக்கும் உப்பு, பூச்சுக்குப் பின்னால் பொரிந்து பருத்துச் செங்கல்லைப் பொடியாக்கும். பாசியும் பூஞ்சணமும் பிடிக்கும். வீட்டுக்காரரோ, "பழைய வீடு, உளுத்துப்போச்சு" என்பார். உளுத்துப்போனது வீடல்ல. பல இடங்களில் சிமெண்ட் பூச்சை எடுத்துவிட்டு, சுவரைக் காயவிட்டு, கெட்டுப்போன செங்கற்களை மட்டும் மாற்றி, மறுபடி சுண்ணாம்பு பூசினாலே போதும். லேவியர் நூல் சொல்லும் வரிசையும் இதுதான்: காத்திருத்தல், பெயர்த்தல், சுரண்டுதல், மாற்றுதல், பூசுதல். பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வல்லுநர்கள் இன்று கடைப்பிடிக்கும் முறைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் நம் உயர்மறைமாவட்டத்தின் தலைநகரான புதுச்சேரிக்கே போகலாம். சம்பா கோவில் என்று நாம் அழைக்கும் அமல உற்பவ அன்னை பேராலயத்துக்குப் போய் வருபவர்கள் பலரும், அந்த ஊர் ஒரு காலத்தில் தரைமட்டமாக்கப்பட்டது என்பதை நினைப்பதில்லை. 1761 ஜனவரியில் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர், கோட்டையையும் நகரத்தின் பெரும்பகுதியையும் இடித்துத் தள்ளினார்கள். இயேசு சபையினர் கட்டியிருந்த கோவிலும் அதில் அழிந்தது. அதே இடத்தில் 1770இல் தொடங்கி 1791இல் முடிக்கப்பட்டதே இன்றைய பேராலயம். இருபத்தோரு ஆண்டுகள்! நம் ஊர்களில் கோவில் கட்டும் வேலை மூன்றாவது ஆண்டைத் தொட்டாலே பங்குத்தந்தையைப் பற்றி என்னென்னவோ பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அந்த அழிவிலிருந்து தப்பிய மிகச் சில வீடுகளில் ஒன்று ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை. துய்ப்ளேக்ஸ் துரையின் துபாஷியாக இருந்து நாட்குறிப்பு எழுதியவர் அவர். நகரம் வீழ்ந்த அதே 1761 ஜனவரியில் அவரும் காலமானார். 1738 வாக்கில் கட்டப்பட்ட அந்த வீட்டின் கீழ்த்தளம் மரத்தூண்களோடு தமிழ் முறையிலும், மேல்தளம் காரைத்தூண்களோடு பிரெஞ்சு முறையிலும் இருக்கிறது. அந்நியர் பாணியை மேலே ஏற்றுக்கொண்டாலும் கீழே நம் முறைதான் நிற்கிறது என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

1990களில் இன்டாக் அமைப்பினர் புதுச்சேரியின் பழைய கட்டடங்களைத் தெருத் தெருவாக ஆராய்ந்து பட்டியலிட்டார்கள். சுமார் 1800 கட்டடங்கள் அதில் இடம்பெற்றன. அடுத்த சில ஆண்டுகளிலேயே நூற்றுக்கணக்கானவை மறைந்துவிட்டன. "பாரம்பரியப் பட்டியலில் உள்ள வீடு" என்றதும், அரசு காவல் போட்டுப் பாதுகாக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. மத்திய தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. தமிழ்நாட்டிலும் பாரம்பரிய ஆணையத்துக்கென 2012இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் இன்டாக் போன்ற அமைப்பின் பட்டியல், "இந்த வீட்டுக்கு ஒரு மதிப்பு உண்டு" என்று சொல்லுமே தவிர, கடப்பாறையைத் தடுத்து நிறுத்தாது. தடுக்க வேண்டியவர் அந்த வீட்டில் குடியிருப்பவர்தான். அவரோ வாடகைக்கும் வரிக்கும் மகளின் திருமணத்துக்கும் இடையில் நிற்கிறார்.

இந்தச் சிக்கலைப் புதுச்சேரியில் ஒரு தெரு எதிர்கொண்ட விதம் நமக்குப் பாடமாக இருக்கிறது. வைசியாள் வீதி என்று மக்கள் அழைக்கும் கல்வே சுப்பராயச் செட்டி வீதி அது, பேராலயத்திலிருந்து நடந்தே போய்விடலாம். தெருவை ஒட்டி நீளமாக ஓடும் தாழ்வாரம், அதன் கீழே திண்ணை, திண்ணையில் மரத்தூண்கள், உள்ளே முற்றம். வழிப்போக்கர் உட்கார்ந்து இளைப்பாறுவதற்கென்றே வீட்டின் ஒரு பகுதியைத் தெருவுக்குக் கொடுத்துவிட்ட கட்டடக்கலை. 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், இத்தாலியின் உர்பினோ நகரமும் பிரான்சின் வில்னோவ் சுர் லோ நகரமும் புதுச்சேரியோடு கைகோக்க, இன்டாக் உதவியுடன் இந்தத் தெருவின் வீட்டு முகப்புகள் சீரமைக்கப்பட்டன. செலவில் ஒரு பங்கை வீட்டுக்காரர்களும் ஏற்றுக்கொண்டார்கள். தூர்ந்த திண்ணைகளும் அடைக்கப்பட்ட தாழ்வாரங்களும் திரும்ப வந்தன. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதுகளில் இந்தத் தெருவும் இடம்பெற்றது.

அவரவர் வீட்டுக்கு முன்னால் அவரவர் பழுதுபார்த்தார்கள் என்றதும், நெகேமியா நூலின் மூன்றாம் அதிகாரம் நினைவுக்கு வருகிறது. எருசலேமின் இடிந்த மதிலை அம்மக்கள் கட்டிய விதம் இதுதான். தலைமைக் குருவும் உடன் குருக்களும் ஆட்டு வாயிலைக் கட்டுகிறார்கள். பொற்கொல்லர்களும் வணிகர்களும் ஆளுக்கொரு பகுதியை எடுத்துக்கொள்கிறார்கள். சல்லூம் என்பவர் தம் புதல்வியரோடு வந்து வேலை செய்கிறார். பலர் தங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள பகுதியைச் சீர்செய்கிறார்கள். தெக்கோவா ஊர்ப் பெரியவர்கள் மட்டும் தோள் கொடுக்கவில்லை. அதையும் மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார் நெகேமியா. வரவு வைக்காதவர்கள் பெயரும் கணக்கில் ஏறும் என்பதை நம் பங்குப்பேரவை உறுப்பினர்கள் கவனிக்கவும்!

நாள் தள்ளினால் என்ன நடக்கும் என்பதற்கும் புதுச்சேரியிலேயே சாட்சி இருக்கிறது. கடற்கரைச் சாலையிலிருந்த மேரி கட்டடம், அதாவது பழைய நகராட்சி மன்றம், 1870-71இல் எழுந்தது. சீரமைக்க வேண்டும் என்ற பேச்சு நீண்ட நாள் நடந்துகொண்டிருந்தது. 2014 நவம்பர் 29 அன்று, அடைமழையில் அது இடிந்து விழுந்தது. பிறகு உலக வங்கி நிதியுதவியோடு அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டப்பட்டு 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அழகாகவே இருக்கிறது. ஆனாலும் அதை மறுபிறப்பு என்று சொல்லலாமே தவிர, குணமானது என்று சொல்ல முடியாது.

இவ்வளவு எழுதும் எங்களுக்குக் குற்றவுணர்வும் உண்டு. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், நாங்கள் பொறுப்பேற்றிருந்த வேறொரு பங்கில் பழைய பங்குத்தந்தை இல்லத்தை இடித்தோம். மழையில் ஒழுகியது, கரையான் இருந்தது. யாரிடமும் கேட்கவில்லை, ஏழு நாள் காத்திருக்கவும் இல்லை. இயந்திரம் வந்து மூன்றே நாளில் வேலை முடிந்தது. சுவர்கள் அவ்வளவு எளிதில் விழவில்லை என்பதை மட்டும் அன்றே கவனித்தோம். பின்னர் ஒரு பொறியாளர் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, "கூரையை மட்டும் மாத்தியிருந்தா இன்னும் நூறு வருஷம் நின்னிருக்கும் ஃபாதர்" என்றார். கோவில்களைக் கட்டும்போதும் பழுதுபார்க்கும்போதும் வல்லுநரின் ஆலோசனையைப் பெறவேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 1216 சொல்கிறது. மதிப்புமிக்க கலைப்படைப்புகள் கைமாறாமலும் அழியாமலும் காக்கும்படி ஆயர்களை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாடு பற்றிய சாசனம் 126ஆம் எண்ணில் கேட்டுக்கொள்கிறது. இரண்டையும் குருமடத்தில் படித்துத் தேர்வும் எழுதியவர்கள்தாம் நாங்கள்.

ஆனால் பழையது எல்லாம் புனிதம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது கடலூர் மாவட்டத்தில் கூரை வீடுகள் என்ன ஆயின என்பதை நாம் கண்டோம். அப்படிப்பட்ட குடும்பத்துக்குத் தளம் போட்ட வீடு என்பது பிழைப்பும் கௌரவமும். அங்கே போய்ப் பாரம்பரியம் பேசுவது அநியாயம். லேவியர் நூலும் திரும்பத் திரும்ப நோய் வரும் வீட்டை இடிக்கவே சொல்கிறது. வாழும் மனிதரைவிடச் சுவர் பெரிதல்ல.

இன்னொரு கூட்டத்தாரையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 1956இல் நிறுவனம் தொடங்கி, 1957 மே 20 அன்று நேரு அவர்கள் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்த நாளிலிருந்து, பழுப்பு நிலக்கரிக்காக நிலத்தையும் வீட்டையும் கொடுத்த ஊர்கள் நம்மைச் சுற்றி இருந்தன. ஜம்புலிங்க முதலியார் அவர்களின் பெயர் வரலாற்றில் நிற்கிறது, அது சரியே. ஊரையே கொடுத்த எத்தனையோ எளிய குடும்பங்களின் பெயர்கள் நிற்கவில்லை. அவர்களுக்குப் பழுதுபார்க்க வீடு இல்லை, வீடு நின்ற மண்ணே இல்லை. மாற்றுக் குடியிருப்பில் ஒரு மூதாட்டியின் வீட்டை மந்திரிக்கப் போனபோது, சின்னஞ்சிறு காரை வீட்டுக்குப் பொருந்தாத கனத்தோடு ஒரு தேக்கு நிலைக்கதவு இருந்தது. பழைய ஊரிலிருந்து மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்களாம். "அது எங்க மாமனார் வச்ச கதவு சாமி. மத்ததெல்லாம் குழியில போச்சு" என்றார். தீர்த்தம் தெளித்தபோது அந்த நிலைப்படிக்கு மட்டும் இரண்டு முறை தெளித்தோம். சடங்கு நூலில் அப்படி எதுவும் இல்லை.

அந்தப் பாட்டியின் கதையைத்தான் நம் பங்கு அன்பரிடம் சொன்னோம். இடிக்க வேண்டாம் என்று சொல்லும் உரிமை எங்களுக்கு இல்லை. முதல் கல் வைக்க வருவதற்கு முன், ஒரு நாள் வீட்டைப் பார்க்க வருகிறோம் என்று மட்டும் கேட்டோம். பண்ருட்டிக்கு அப்பால் அவர் ஊர். சுண்ணாம்பு வேலை தெரிந்த வயதான கொத்தனார் ஒருவரையும் அழைத்துப் போனோம். இந்த வேலை தெரிந்தவர்கள் அருகிவருகிறார்கள் என்பதால், கண்டால் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவர் பேசவே இல்லை. விரல் கணுவால் சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டே நான்கு பக்கமும் சுற்றினார். மருத்துவர் நெஞ்சைத் தட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. சிமெண்ட் பூச்சில் ஓரிடத்தை உளியால் பெயர்த்து, செங்கல்லை நகத்தால் கீறிப் பார்த்தார். கூடத்து உத்தரத்தில் ஆணி அடித்துப் பார்த்தார்.

"மேற்குச் சுவரு மட்டும் சரியில்ல சாமி. அந்தப் பக்கம் குளியலறைத் தண்ணி நிக்குது. உத்தரத்துல ரெண்டு போச்சு. மத்தது இரும்பு" என்றார்.

வீட்டுக்காரருக்கு நம்பிக்கை வரவில்லை. புது வீட்டுக்கு ஆகும் செலவையும் இதற்கு ஆகும் செலவையும் நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். பழுதுபார்ப்பது பாதிக்கும் குறைவாகவே வந்தது. என்றாலும் சிக்கல் பணத்தில் இல்லை என்பது பிறகுதான் வெளிவந்தது. தம்பிக்கும் வீட்டில் பங்கு இருக்கிறது. முற்றத்தின் நடுவே சுவர் வைத்துப் பிரித்துவிடலாம் என்கிறார் தம்பி. அப்படிப் பிரிப்பதானால் பழைய வீடு நிற்காது. நாங்கள் பார்த்தவரை, கரையானும் உப்பும் இடித்த வீடுகளைவிடப் பாகப்பிரிவினை இடித்த வீடுகளே அதிகம். அதற்குக் கொத்தனார் என்ன செய்வார்?

புறப்படும்போது அவர் மனைவி வீட்டைப் பூட்டினார். "ஏழு நாளா சாமி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார் நண்பர். ஏழு மாதம் ஆகிவிட்டது. குளியலறைத் தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டித் திருப்பிவிட்டாராம். மேற்குச் சுவரின் சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுக் காயவிட்டிருக்கிறாராம், திட்டுகள் பரவவில்லையாம். பொங்கல் கழிந்ததும் கெட்ட செங்கற்களை எடுக்கப்போவதாகச் சொல்கிறார். தம்பி இன்னும் பதில் சொல்லவில்லை.